பூனை ஏன் மறுபடி பேசவில்லை? ஜப்பானிய அனிமேஷன் படங்களில் பிள்ளைகள் பெரியவர்களாகும் கணக்கு

2025 மார்ச் கடைசியில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும். கல்யாணப் படம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, தாத்தா பாட்டி படம் எல்லாம் ஒரே வாரத்தில், ஜப்பானின் கிப்லி என்ற அனிமேஷன் படக் கூடத்தின் பாணி ஓவியங்களாக மாறின. அதைப் பார்த்துவிட்டு, அசல் கிப்லி எப்படித்தான் இருக்கும் என்று படங்களைத் தேடிப் போனவர்கள் உண்டு. 2020 முதல் நெட்ஃபிளிக்ஸில் கிடைப்பதால் தேடுவதும் எளிது. ஆனால் பார்த்து முடித்ததும் பலரும் திகைத்து நிற்கிறார்கள். வில்லன் சாகவில்லை. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. காதல் கைகூடியதா என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் என்னதான் நடந்தது?

நடந்தது பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பிள்ளை கொஞ்சம் பெரிய ஆளாகியிருக்கிறது. அது நடந்ததைப் படம் வாய்விட்டுச் சொல்லாது, அதனால்தான் குழப்பம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, வரவு செலவுக் கணக்காகப் பார்ப்பது. இந்தப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் செய்யத் தெரியாத எது இப்போது தெரிகிறது? தொடக்கத்தில் இருந்த எது இப்போது இல்லை? இரண்டாவது கேள்வியைத்தான் நாம் கேட்கத் தவறுகிறோம்.

## முதலில் சொற்கள்

தமிழில் இதைப் பேசவே ஒரு சங்கடம் இருக்கிறது. 'வயதுக்கு வந்தாள்', 'ஆளாகிவிட்டாள்', 'பெரிய மனுஷியாகிவிட்டாள்' என்று எதைச் சொன்னாலும் அது பூப்பெய்துவதைத்தான் குறிக்கும். மனத்தளவில் பெரியவராவதற்கு அப்படி எல்லார் வாயிலும் புழங்கும் தொடர் இல்லை. ஜப்பானியர்கள் 'ஒதோனா நி நரு' என்பார்கள். பெரியவர் ஆவது என்று பொருள். ஆண், பெண் இருவருக்கும் பொது. இன்னொரு சொல் 'செய்ஷுன்', அதாவது இளமைப் பருவம். அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் ஒன்று வசந்தம். மற்றொன்று நீலம், பச்சை இரண்டையும் குறிக்கும் பழைய நிறச்சொல். பள்ளிச் சீருடையும் செர்ரிப் பூவும் வரும் படங்களை விமர்சகர்கள் இந்தப் பெயரில்தான் வகைப்படுத்துகிறார்கள்.

பழைய ஜப்பானில் உயர்குடி, சாமுராய்க் குடும்பத்துப் பையன்களுக்குக் 'கெம்புகு' என்று ஒரு சடங்கு இருந்தது. பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறுக்குள் தலைமுடியை மாற்றி, பெரியவர்கள் உடுத்தும் உடை கொடுத்து, பிள்ளைப் பெயரை விலக்கிப் புதுப் பெயர் வைப்பார்கள். பெயர் மாறினால் ஆளே மாறிவிட்டதாக அர்த்தம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது ஜனவரி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை வரும் 'பெரியவராகும் நாள்'. அது அரசு விடுமுறை. பெண்கள் நீண்ட கை வைத்த கிமோனோ அணிந்து ஊர் மண்டபத்துக்குப் போவார்கள். சட்டப்படி பெரியவராகும் வயது 1876 முதல் 20 ஆக இருந்தது. 2022 ஏப்ரல் 1 அன்று அதை 18 ஆகக் குறைத்தார்கள். 18 வயதில் தானே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். மது, சிகரெட்டுக்கு இன்னும் 20 தான். பல ஊர்களில் விழாவையும் 20 வயதுக்காரர்களுக்கே தொடர்ந்து நடத்துகிறார்கள். ஆக, எப்போது ஒருவர் பெரியவர் என்பதில் சட்டத்துக்கே ஒரே பதில் இல்லை.

## வயதைப் பார்த்தால் பாதிப் படம் புரியும்

நாயகியின் வயதை இயக்குநர்கள் தோராயமாக வைப்பதில்லை. ஜப்பானில் தொடக்கப்பள்ளி ஆறு வருடம், நடுநிலைப்பள்ளி மூன்று, மேல்நிலைப்பள்ளி மூன்று. முதல் ஒன்பது வருடமும் கட்டாயக் கல்வி. அதன்பின் மேல்நிலைப்பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். இந்த வெட்டுகளை ஒட்டித்தான் கதைகளும் அமைகின்றன.

1. பத்து வயது: இன்னும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், ஆனால் கூச்சம் வந்துவிட்டது. கேள்வி: தனியாக விட்டால் சமாளிப்பாயா?
2. பதின்மூன்று: கேள்வி: உன்னால் பிறருக்கு என்ன பயன்?
3. பதினான்கு, பதினைந்து: நுழைவுத் தேர்வு. கேள்வி: எல்லாரும் போகும் வழியில்தான் போகப்போகிறாயா?
4. பதினாறு, பதினேழு: பள்ளியின் கடைசிக் காலம். கேள்வி: நீ செய்ததற்கு நீயே பொறுப்பேற்பாயா?

எல்லாப் படமும் இந்தக் கட்டத்துக்குள் அடங்கும் என்று சொல்லவில்லை. ஆனால் குழம்பும்போது வயதிலிருந்து தொடங்கினால் பிடி கிடைக்கும்.

## பத்து வயது: படிக்கட்டும் குழாயும்

கிப்லி இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2001 ஜூலையில் வந்தது. 2002 இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடியும் 2003 இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. நண்பர்களின் பத்து வயது மகள்களை மனத்தில் வைத்து எடுத்ததாக மியாசாகி சொல்லியிருக்கிறார்.

நாயகி சிஹிரோவின் அப்பாவும் அம்மாவும் ஆளில்லாத கடையில் சாப்பிட்டுப் பன்றிகளாகிவிடுகிறார்கள். தெய்வங்களும் ஆவிகளும் வந்து குளிக்கும் ஒரு பெரிய குளியல் விடுதியில் அவள் மாட்டிக்கொள்கிறாள். அங்கே வேலை செய்யாதவர்களுக்கு இடமில்லை. அதே நேரம், வேலை கேட்டு வருபவருக்கு மறுக்க முடியாது என்ற சத்தியத்தில் முதலாளியம்மா யுபாபாவும் கட்டுப்பட்டிருக்கிறாள். ஆகவே சிஹிரோவுக்கு, விடுதியில் வேலை செய்யும் ஹாகு என்ற பையன் சொல்லிக்கொடுக்கும் தந்திரம் ஒன்றே ஒன்று. யார் என்ன சொன்னாலும், 'வேலை கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இரு.

கொதிகலன் அறைக்குப் போகும் வெளிப்படிக்கட்டில் அவள் இறங்குவதைக் கவனியுங்கள். செங்குத்தான மரப்படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. உட்கார்ந்து, ஒரு காலை நீட்டித் தடவிப் பார்த்து, ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். ஒரு படி உடைந்ததும் அலறிக்கொண்டே கீழே வரை ஓடுகிறாள். உள்ளே போனதும் முதல் பாடம். நிலக்கரியைத் தூக்கமாட்டாமல் நசுங்கிக் கிடக்கும் ஒரு கரிப்பூச்சிக்காக அந்தக் கரியை இவள் தூக்கிவிடுகிறாள். தூக்கியபின் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் கமாஜி அதட்டுகிறார்: கை வைத்தால் முடித்துவிட்டுப் போ. அப்புறம் லின் என்ற பணிப்பெண் வந்து கேட்பாள், கமாஜிக்கு நன்றி சொன்னாயா என்று. பதறிப்போய்க் குனியும் சிஹிரோ தலையை இடித்துக்கொள்கிறாள். அந்தப் படத்தில் வீரம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் தொடங்குகிறது.

படத்தின் நடுவில், காயப்பட்ட ஹாகுவைத் தேடி அதே பெண் ஆடையின் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு, கட்டடத்தின் வெளியே பிடிமானமில்லாத குழாய் ஒன்றின் மேல் ஒரே மூச்சில் ஓடுகிறாள். குழாய் பின்னால் பெயர்ந்து விழுகிறது. யாரும் அவளைப் பாராட்டவில்லை, நடந்தது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. படிக்கட்டையும் குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வரவு தெரியும்.

செலவு எது? பெயர். யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அவள் பெயரெழுத்துகளைப் பிடுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறாள். 'சிஹிரோ' என்பதன் முதல் எழுத்து தனியாக நின்றால் அதன் உச்சரிப்பு 'சென்', ஆயிரம் என்று பொருள். வேலைக்குச் சேர்ந்தவள் எண்ணாகிவிட்டாள். மேலே சொன்ன கெம்புகுவோடு ஒப்பிட்டால் இது தலைகீழ்ச் சடங்கு. அங்கே பெரியவனுக்குப் புதுப்பெயர் சூட்டுவார்கள். இங்கே பெரியவர்கள் உலகம் பெயரைப் பறிக்கிறது, பறிபோன பெயரை மறக்காமல் இருப்பதே வேலையாகிறது.

கடைசிக் காட்சியில் ஒரு குறும்பு இருக்கிறது. சுரங்கவழியில் திரும்பி வரும்போது சிஹிரோ அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், படத் தொடக்கத்தில் பிடித்த அதே மாதிரி. 'இப்படி ஒட்டிக்கொண்டால் எப்படி நடப்பது' என்ற அம்மாவின் கண்டிப்பும் அதேதான். அப்படியானால் அவள் வளரவே இல்லையா? பிள்ளை வளர்ந்துவிடும் கதையாக இதை எடுக்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தது ஒரு சூழ்நிலையில் வெளியே வரும் கதை இது என்பது மியாசாகியின் விளக்கம். பத்து வயதுப் பிள்ளை பத்து வயதாகவே வீடு திரும்புகிறது. தலைமுடியில் அந்த உலகத்துத் தோழர்கள் நூற்றுக் கொடுத்த கட்டு மட்டும் ஒரு கணம் மினுங்குகிறது.

## பதின்மூன்று: கிகியும் ஜிஜியும்

1989 இல் வந்த 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படமும் மியாசாகியுடையதுதான். எய்கோ கடோனோ 1985 இல் எழுதிய சிறுவர் நாவலிலிருந்து எடுத்தது. சூனியக்காரிப் பெண்களுக்குப் பதின்மூன்று வயது ஆனால் ஒரு பௌர்ணமி இரவில் வீட்டை விட்டுப் போய், வேறொரு ஊரில் ஒரு வருடம் தானே பிழைக்க வேண்டும். இது அவர்கள் மரபு. கிகிக்குத் தெரிந்த ஒரே வித்தை துடைப்பத்தில் பறப்பது. அதை வைத்துப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் தொழில் தொடங்குகிறாள். கூட இருப்பது ஜிஜி என்ற கறுப்புப் பூனை. அது பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரியும்.

இந்தப் படத்தில் மியாசாகி மந்திரத்தைத் தொழிலாகவே காட்டுகிறார். வாடகை, கூலி, மாவு விலை எல்லாம் பேசப்படுகின்றன. ஒரு பாட்டியம்மா பேத்தியின் பிறந்தநாளுக்கு மீனும் பூசணியும் வைத்த பணியாரம் அனுப்ப நினைக்கிறார். மின்னடுப்பு வேலை செய்யவில்லை. கிகி விறகடுப்பை மூட்டி உதவி, கொட்டும் மழையில் நனைந்து பறந்து கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கதவைத் திறந்த பேத்தி, 'எனக்குப் பிடிக்காத பணியாரம்' என்று சலித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். கெட்டவள் இல்லை, வெறும் அலட்சியம். அடுத்த நாள் கிகிக்குக் காய்ச்சல். கொஞ்ச நாளில் பறக்கவும் முடியவில்லை. ஜிஜி பேசுவது வெறும் மியாவ் என்று கேட்கிறது.

காரணத்தைப் படம் சொல்லாது. பதில் மாதிரி ஒன்று காட்டில் வாழும் உர்சுலா என்ற ஓவியப் பெண்ணிடமிருந்து வருகிறது. தனக்கும் வரைய வராமல் போன காலம் உண்டு என்கிறாள். விடாமல் வரைந்து பார்ப்பாளாம், அப்போதும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு நடக்கப் போவாள், தூங்குவாள், ஒன்றும் செய்யாமல் இருப்பாள். ஜப்பானிய மூலத்தில் கிகிக்கும் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே நடிகை, மினாமி தகாயமா. அந்தக் காட்சியில் கிகி பேசிக்கொண்டிருப்பது இன்னும் சில வருடம் மூத்த தன்னிடமே என்று காதால் உணரலாம். சப்டைட்டிலோடு மூலக் குரலில் பார்ப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பரிசு இது.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வரலாம். முடிவில் கிகி ஒரு தெருத் துடைப்பத்தை இரவல் வாங்கிப் பறந்து நண்பன் டொம்போவைக் காப்பாற்றுகிறாள். பறக்கும் சக்தி திரும்பிவிட்டது. பூனை அவள் தோளில் ஏறி மியாவ் என்கிறது, அவ்வளவுதான். 1998 இல் வந்த ஆங்கில ஒலிப்பதிவில் அந்த இடத்தில் ஜிஜியைப் பேசவைத்துவிட்டார்கள். அதைப் பார்த்தவர்களும் மூலத்தைப் பார்த்தவர்களும் இணையத்தில் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கட்சி மூலத்தின் பக்கம்தான். அறிமுகமில்லாத ஊரில் கிகிக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது, அவளுடைய பயத்தையும் சலிப்பையும் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஜிஜி. இப்போது அவளுக்கு ரொட்டிக்கடை ஓசோனோ இருக்கிறாள், உர்சுலா, டொம்போ இருக்கிறார்கள். ஜிஜிக்கும் துணையும் குட்டிகளும் வந்தாகிவிட்டது. தொழில் வந்தது, ஊர் வந்தது, பூனையின் பேச்சு போனது. அந்த 1998 ஆங்கிலப் பதிப்பு செலவை மட்டும் அழித்துவிட்டு வரவைக் காட்டுகிறது.

## பதினைந்தை நெருங்கும்போது: தேர்வும் கல்லும்

மந்திரமே இல்லாத படம் 1995 இல் வந்த 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. இயக்கியவர் யோஷிஃபுமி கொண்டோ. அவர் முழுநீளப் படமாக இயக்கியது இது ஒன்றுதான். 1998 இல் 47 வயதில் இறந்துவிட்டார்.

தோக்கியோவின் புறநகரில், நடுநிலைப்பள்ளிக் கடைசி வருடம் படிக்கும் ஷிசுகு நுழைவுத் தேர்வை விட்டுவிட்டு ஒரு கதை எழுத உட்காருகிறாள். மதிப்பெண் வரிசையில் நூறு இடம் சறுக்குகிறாள். வீட்டில் விசாரணை நடக்கிறது. இந்த இடத்தில் நம் ஊர்ப் படமாக இருந்தால் அப்பா கத்துவார், இல்லை கண்கலங்கி ஆசீர்வதிப்பார். ஷிசுகுவின் அப்பா சிகரெட்டை அணைத்துவிட்டு, சரி, நீ நினைத்தபடி செய் என்கிறார். கூடவே, மற்றவர்களைப் போல இல்லாமல் வாழ்வது அதற்கேற்ற கஷ்டம் உள்ளது, என்ன நடந்தாலும் யார் மேலும் பழி போட முடியாது என்று நிதானமாகச் சொல்லிவைக்கிறார். அனுமதி கிடைத்த கையோடு, சாக்குச் சொல்லும் உரிமை போய்விடுகிறது.

கதையை முதலில் படிப்பவர் பழம்பொருள் கடை வைத்திருக்கும் முதியவர். முன்னதாகவே அவர் அவளுக்கு ஒரு கல்லைக் காட்டியிருக்கிறார். வெளியே சாதாரணப் பாறை, உள்ளே பட்டை தீட்டாத பச்சை மணிகள். கதை எழுதி முடித்தவள் பயத்தில் அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்கிறாள். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்ல, இல்லை, கடைசியில் குளறிவிட்டேன் என்று அழுகிறாள். அவர் அதை மறுக்கவில்லை. கரடுமுரடாகத்தான் இருக்கிறது, பட்டை தீட்டு என்கிறார். அவளும் இன்னும் படிக்க வேண்டும் என்று உணர்ந்து மேல்நிலைப்பள்ளிக்குப் போக முடிவெடுக்கிறாள். எதிர்த்துக் கிளம்பியவள் எல்லாரும் போகும் வழிக்கே திரும்புகிறாள், ஆனால் காரணம் இப்போது அவளுடையது.

இங்கே ஒரு கிளைக்கதை. 1991 இல் இசாவோ தகாஹதா எடுத்த 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தின் நாயகி டாயெகோவுக்கு 27 வயது. தோக்கியோ அலுவலகத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு யமகதாவுக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்பு டாயெகோ, 1966 ஆம் வருட நினைவுகளாகக் கூடவே வருகிறாள். தமிழில் நாம் 'வயதுக்கு வருவது' என்று சொல்வதை நேராகத் தொடும் அனிமேஷன் படம் இது. வகுப்பில் மாணவிகளை மட்டும் அழைத்து மாதவிலக்கைப் பற்றிச் சொல்ல, விஷயம் கசிந்து பையன்கள் கேலி செய்கிறார்கள். சளி பிடித்ததால் உடற்பயிற்சி வகுப்பில் ஓரமாக உட்காரும் டாயெகோவுக்கு ஒரே கவலை, தனக்கும் 'அது'தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று. பட்டாம்பூச்சியாக ஒரு முறை கூட்டுப்புழுவானால் போதாது, மறுபடியும் கூட்டுக்குள் போக வேண்டிய காலம் வந்துவிட்டதோ என்று 27 வயது டாயெகோ யோசிக்கிறாள். அன்றைய சட்டம் சொன்ன வயதைத் தாண்டி ஏழு வருடம் ஆனபிறகு.

## பதினேழு: யார் பொறுப்பு?

கிப்லிக்கு வெளியே, 2000க்குப் பின் வந்த இயக்குநர்கள் மேல்நிலைப்பள்ளி வயதைப் பிடித்துக்கொண்டார்கள். மமோரு ஹொசோடாவின் 'தி கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்' (2006) ஓர் எளிய கணக்கு. மகோதோ என்ற பெண்ணுக்குக் காலத்தில் பின்னோக்கித் தாவும் சக்தி கிடைக்கிறது. அதை வைத்து அவள் என்ன செய்கிறாள்? தங்கை தின்றுவிட்ட புட்டிங்கைத் தான் தின்கிறாள், கரோக்கி நேரத்தை நீட்டிக்கொள்கிறாள், நண்பன் காதலைச் சொல்லவரும் தருணத்தை மறுபடி மறுபடி அழிக்கிறாள். கையில் ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு தாவலுக்கும் குறைகிறது. தான் தவிர்த்த அடி வேறொருவர் மேல் விழுகிறது என்பதும், மீதி எவ்வளவு என்பதும் அவளுக்குச் சேர்ந்தே புரிகின்றன. செலவைத் தோலிலேயே எழுதிக் காட்டிய படம்.

நவோகோ யமதாவின் 'எ சைலன்ட் வாய்ஸ்' (2016) இன்னும் கடுமை. ஆறாம் வகுப்பில் காது கேளாத சகமாணவியைத் துன்புறுத்திய ஷோயா, மேல்நிலைப்பள்ளியில் அவளைத் தேடிப் போகிறான். மற்றவர்கள் முகத்தை அவனால் பார்க்க முடியாது. அவன் பார்வையில் எல்லார் முகத்திலும் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் தீர்ந்துவிடும் கதை அல்ல.

மகோதோ ஷின்காயின் 'சுசுமே' 2022 நவம்பரில் வந்தது, சட்ட வயதைக் குறைத்த அதே வருடம். பதினேழு வயது சுசுமே 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் அம்மாவை இழந்தவள். கியூஷூவிலிருந்து வடகிழக்கு வரை அவள் பயணம் போகிறாள். போகும் வழியில் விடுதியில் வேலை, கோபேயில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, மதுக்கடையில் பாத்திரம் கழுவுவது. சிஹிரோவின் குளியல் விடுதி இங்கேயும் தொடர்வதைக் கவனிக்கலாம். அவளிடம் இருப்பது அம்மா செய்து கொடுத்த, ஒரு கால் போன சின்ன மர நாற்காலி. குழந்தையாக எழுதிய நாட்குறிப்பில் அந்த மார்ச் 11 முதல் பக்கங்கள் முழுக்கக் கறுப்பு அடித்திருக்கிறது. இறுதியில், அம்மாவைத் தேடி அலையும் நான்கு வயதுத் தன்னையே சந்தித்து, 'நான் சுசுமேயின் நாளை' என்கிறாள். அந்தக் குழந்தைக்கு அன்று நாற்காலியைக் கொடுத்தது அம்மா என்றுதான் அத்தனை வருடமும் நம்பியிருந்தாள். இல்லை, கொடுத்தது அவளேதான். அம்மா ஒரு முறையாவது வந்தாள் என்ற ஆறுதல் அங்கே செலவாகிறது.

## அப்பா அம்மா எங்கே போனார்கள்?

அடுத்துப் பலரும் கேட்பது இது. பன்றியாகிறார்கள், தொலைவில் இருக்கிறார்கள், இறந்துபோகிறார்கள், அல்லது ஷிசுகுவின் அப்பாவைப் போல வேண்டுமென்றே ஒதுங்கி நிற்கிறார்கள். பெற்றோர் இருந்தால் வேலையை அவர்களே செய்துவிடுவார்கள் என்பது கதைக் காரணம். ஆனால் அவர்கள் இடத்தைப் பிடிப்பவர்களைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கமாஜி, லின், ஓசோனோ, உர்சுலா, பழம்பொருள் கடைக்காரர் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். அறிவுரை சொல்ல அவர்களுக்கு நேரமில்லை, செய்துகொண்டிருப்பதன் நடுவே ஒரு வரி சொல்வார்கள்.

2023 இல் வந்த மியாசாகியின் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படம் இந்தக் கணக்கை ஒரு பையன் மேல் போட்டுப் பார்க்கிறது. ஜப்பானியத் தலைப்பு 'நீங்கள் எப்படி வாழப்போகிறீர்கள்', 1937 இல் கென்சாபுரோ யோஷினோ எழுதிய நூலின் பெயர். போர்க்காலம். அம்மாவைத் தீயில் இழந்த மஹிதோ, புதுப் பள்ளியில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கல்லால் தன் தலையைத் தானே அடித்துக்கொள்கிறான். ரத்தம் கொட்டுகிறது. அடித்தது யார் என்று அப்பா கொதிக்கிறார், அவன் உண்மையைச் சொல்வதில்லை. முடிவில், வேறோர் உலகத்தை ஆளும் அம்மாவழிப் பெரிய தாத்தா, தீமை கலக்காத கற்களை அடுக்கி ஒரு நல்ல உலகத்தைக் கட்டு என்று அவனை அழைக்கிறார். மஹிதோ தலைத்தழும்பைக் காட்டுகிறான். இது என் கெட்ட எண்ணத்தின் அடையாளம், அந்தக் கல்லைத் தொட எனக்குத் தகுதியில்லை என்கிறான். அத்தனை நேரம் அப்பாவிடம் சொல்லாததை அங்கேதான் சொல்கிறான்.

பிறகு குண்டு விழும் தன் உலகத்துக்கே திரும்புகிறான். சட்டைப்பையில் ஒரு சின்னக் கல் மட்டும் வந்திருக்கிறது. இதுவும் மெல்ல மறந்துபோகும், அதுவே நல்லது என்று சொல்லிவிட்டு, அவனை அந்த உலகத்துக்கு இழுத்துப்போன பேசும் நாரை பறந்துவிடுகிறது. போர் முடிந்து இரண்டாவது வருடம் குடும்பம் தோக்கியோவுக்குத் திரும்பியது என்று ஒரே ஒரு வரி. கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள், மஹிதோ அறையை விட்டு வெளியே போகிறான். படம் முடிந்துவிடுகிறது.